நாற்காலி நின்ற வாசல்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பயம் அதைவிடச் சீக்கிரம் வரும். இந்த இரண்டாவது விஷயம் என் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் அதைத் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார் என்பது வேறு கதை.

இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்து வழிகிறவர்களை, "லாரிய எதுக்குப் பாக்குறீங்க, அதுவா ஓட்டப்போறீங்க? ரோட்டப் பாருங்க" என்று அதட்டுவதுதான் என் பிழைப்பு. என் காலடியில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் இருக்கும். அது இருக்கிற தைரியத்தில்தான் இத்தனை வருடமும் கத்திக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் அதில் ஊசி குத்தி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும் என்றார். அந்தப் பத்து நாள் நான் பட்ட பாடு என் எதிரிக்குக்கூட வரவேண்டாம். வாயில் வைத்தது தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. பல் தேய்க்கும்போது கண்ணாடி பக்கம் திரும்ப மாட்டேன். வீட்டுக்காரர் ஜோக்காக அடித்துத் தள்ளினார். என் அக்கா போனில், "உனக்கெல்லாம் ஒண்ணும் வராது, தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து "பயமா இருக்கா?" என்று கேட்க ஒரு நாதி இல்லை. பதினோராம் நாள், வெறும் கொழுப்புக் கட்டி, போய் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில், அவர்களோடு கூட உட்கார்ந்திருக்கும் தொண்டுக்கு என் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

"சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிற ஒரே ஆளு நீதான்டி" என்றார் வீட்டுக்காரர். "பாத்ரூம்ல பல்லி செத்துக் கெடந்தா என்னைக் கூப்பிடுற. நீ போயி அங்க உக்காரப்போறியாக்கும்?"

"உக்காருவேன். உங்கள மாதிரி ஜோக்கடிக்காம உக்காருவேன்" என்றேன். சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த இல்லம் ஒரே நீளத் தாழ்வாரம். இரண்டு பக்கமும் நாலு நாலாக எட்டு அறைகள். கதவில் எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. ஒரு நேரத்துக்கு இரண்டு நர்ஸ்கள்தான். அதனால் அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். யாருக்காவது இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டால், அந்த அறை வாசலில் ஒரு மர நாற்காலியைக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நீல மெத்தை தைத்த நாற்காலி. எங்களைப் போன்றவர்கள் வந்து நர்ஸைத் தேடி அலைய வேண்டாம். நாற்காலி எந்த வாசலில் இருக்கிறதோ அந்த அறைக்குள் அதை இழுத்துக்கொண்டு போய், கட்டில் பக்கத்தில் போட்டு உட்கார வேண்டியதுதான். அந்த நாற்காலியின் ஒரு காலில் ரப்பர் தேய்ந்து போய்விட்டது. டைல்ஸ் தரையில் இழுத்தால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கிறீச்சிடும்.

ஆறு சனிக்கிழமை வகுப்பு நடந்தது. நடத்தியது தலைமை நர்ஸ். "மூணே விஷயம். பொய் சொல்லாதீங்க. டாக்டர் சொல்ல வேண்டியத நீங்க சொல்லாதீங்க. எந்திரிச்சு ஓடாதீங்க" என்றார். மூன்றாவதைச் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். 'எனக்கு எப்போ?' என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டேன். "நான் கூட இருக்கத்தான் வந்திருக்கேன்னு சொல்லுங்க. அது போதும்" என்றார். அந்த வாக்கியத்தை நான் காரில், குளியலறையில், சிக்னலில் என்று எல்லா இடத்திலும் சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்தேன்.

முதன்முதலாகத் தனியாகப் போனது ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணி. வண்டியை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல் கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் போய்விட்டால் யார் என்ன செய்துவிட முடியும்? வீட்டுக்காரர் சிரிப்பார். அவ்வளவுதானே? அந்தச் சிரிப்பை நினைத்ததும் இறங்கிவிட்டேன்.

தாழ்வாரத்தில் ஃபினாயில் வாடை. தரை அப்போதுதான் துடைத்து ஈரமாக இருந்தது. துப்புரவு அம்மா கடைசியில் வாளியோடு நின்று துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தார். நர்ஸ் யாரும் கண்ணில் படவில்லை. நாற்காலி நாலாம் நம்பர் வாசலில் நின்றது.

கதவைத் தட்டிவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து இழுத்தேன். கிறீச்சென்ற சத்தத்தில் எனக்கே பல் கூசியது.

உள்ளே, அறுபது தாண்டிய ஓர் அம்மா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரித்துக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், அகலத் தோள்கள், ஆனால் சதையெல்லாம் வற்றியிருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியைப் பார்த்தார். நகவெட்டி கையிலிருந்து நழுவிப் பேப்பரில் விழுந்தது.

"எனக்கா?" என்றார்.

சாகப்போகிறவர் நகம் வெட்டிக்கொண்டு இருப்பாரா என்று எனக்கு ஏன் தோன்றவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். தோன்றியது. ஆனால் சாகப்போகிறவர் எப்படி இருப்பார் என்று எனக்கு என்ன தெரியும்? அதற்கு முன்னால் நான் யாரைப் பார்த்தேன்? வீட்டுப் பெரியவர்கள் போனபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி வாசலோடு நின்றுகொண்டவள் நான். மனப்பாடம் செய்ததுதான் வந்தது.

"நான் கூட இருக்கத்தான் வந்திருக்கேன்."

அவர் போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டார். மடியிலிருந்த பேப்பர் சரிந்து நகத்துண்டெல்லாம் கட்டிலில் சிதறியது.

"காலையில டாக்டர் வந்தானே. கால் வீக்கம் கொறைஞ்சிருக்குன்னுதானே சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான் பாவி." போர்வைக்குள்ளிருந்தே, "எவ்ளோ நேரம் இருக்கு?" என்றார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அது சத்தியம். எனக்கு எதுவுமே தெரியாது.

"உக்காரேன்மா. நீ நிக்கிறதப் பாத்தா எனக்கு முன்னாடி நீ விழுந்துருவ போலிருக்கு."

உட்கார்ந்தேன். என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பிரேக்கைத் தேடுகிறது என்று.

அவர் பேச ஆரம்பித்தார். பயத்தில் சிலருக்கு வாய் அடைத்துக்கொள்ளும், சிலருக்குத் திறந்துகொள்ளும். அவர் இரண்டாவது ரகம். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவராம். "இந்த நாற்காலிச் சத்தத்த அஞ்சு வாரமா கேக்குறேன்மா. மொதல்ல ஒண்ணாம் நம்பர்ல கேட்டுச்சு. மறுநாள் காலையில பெட்டக் கழுவுறாங்க. அப்புறம் அஞ்சாம் நம்பர். அப்புறம் எதுத்தாப்புல எட்டாம் நம்பர். சத்தம் கேட்டாலே நமக்கில்ல, நமக்கில்லன்னு தலகாணியக் கடிச்சுக்கிட்டுக் கெடப்பேன். வேற வாசல்ல போயி நின்னுச்சுன்னா ஒரு சந்தோஷம் வரும் பாரு, அதவிடக் கேவலம் ஒண்ணு உண்டா? இன்னொருத்தன் சாகுறான், நான் சந்தோஷப்படுறேன்."

"எனக்கும் அப்படித்தாங்க வரும்" என்றேன். வகுப்பில் இதெல்லாம் சொல்லித்தரவில்லை. தானாக வந்துவிட்டது.

"பஸ்ஸுல இருந்தவதானே, ஸ்டாப்பிங் வந்தா எறங்கித்தானே ஆகணும்னு இங்க வர்ற ஒவ்வொருத்தனும் எனக்கு ஆறுதல் சொல்றான். நீயும் அதச் சொன்ன, இந்தச் செம்பாலேயே போடுவேன்."

"சொல்ல மாட்டேங்க."

"நீ என்ன வேலை பாக்குற?"

சொன்னேன். என் பக்கம் இருக்கிற பிரேக்கைப் பற்றியும் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் நிறைந்து, என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு குளிர்ந்த கை. "எனக்குப் பயமா இருக்கு, பிரேக்கு" என்றார். கையை உருவிக்கொண்டு ஓடிவிடத்தான் தோன்றியது. ஓடவில்லை. அதற்கும் காலில் தெம்பு வேண்டுமே.

திடீரென்று தலையணைக்கடியில் துழாவிப் போனை எடுத்தார். "என் தங்கச்சியக் கூப்பிடணும். எனக்குக் கை நிக்கல, நீ அடி" என்று நம்பரை மனதிலிருந்து சொன்னார். சொல்லிவிட்டு, நான் அடிப்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏழு வருஷம் ஆச்சு பேசி. அவ வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில பதினேழு நாள் கெடந்தாரு. நான் போகல. போகலன்னா, போனேன். ரெண்டு தடவ ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போனேன். உள்ள போகக் கால் வரல. அவர அப்படிப் பாக்குற தைரியம் எனக்கில்ல. டியூட்டின்னு பொய் சொன்னேன். அவரு போய்ச் சேந்த அன்னிக்கு, இனிமே என் வாசப்படிய மிதிக்காதன்னுட்டா. எனக்கு உடம்புக்கு வந்ததே அவளுக்குத் தெரியாது. நாற்காலி வந்தா கூப்பிட்டுக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். வந்துருச்சில்ல. இப்ப அடி."

அடித்துக் கையில் கொடுத்தேன். மணி நாலைந்து முறை அடித்தது. எடுத்துவிட்டார்கள் என்பது கண்டக்டர் அக்காவின் முகத்தில் தெரிந்தது.

"நான்தான்" என்றார். "சாகுறேன்டி. இன்னிக்குத்தானாம். ஆளு அனுப்பி உக்கார வச்சுட்டாங்க. வர்றதுன்னா வா." இல்லத்தின் பெயரையும் அறை எண்ணையும் சொல்லிவிட்டுப் போனை மடியில் போட்டுவிட்டார். "வருவாளான்னு சொல்லல" என்றார். சுவரைப் பார்த்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூச்சையும் இதுதானா இதுதானா என்று கவனிக்கிற மாதிரி மெதுவாக இழுத்து விட்டார். நானும் அதையே கவனித்தேன். இருபது நிமிடம் அப்படியே போனது. என் பத்து நாளையும் அந்த இருபது நிமிடத்துக்குள் அடைத்துவிடலாம்.

கதவு திறந்தது. இளைய நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீங்க இங்க என்ன பண்றீங்க? ஏழாம் நம்பர்ல பெரியவர் தனியா இருக்காரு. நான் ரெண்டாம் நம்பரக் குளிப்பாட்டிட்டு இருந்தேன், நீங்க வந்திருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"நாற்காலி இங்கதானே இருந்துச்சு?" என்றேன்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள். கண்டக்டர் அக்காவைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தாழ்வாரம் துடைப்பதற்காகத் துப்புரவு அம்மா நாற்காலியை நகர்த்தி வைத்திருக்கிறார். துடைத்து முடித்ததும், எந்த வாசலில் எடுத்தோம் என்பது நினைவில்லாமல் கிட்டே இருந்த வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நடந்தது இவ்வளவுதான்.

கண்டக்டர் அக்காவின் கை என் கையை விட்டது.

"அப்ப எனக்கு இல்லியா?"

"இல்லக்கா, இல்லவே இல்ல" என்று நர்ஸ் ஓடிவந்து அவர் தோளைப் பிடித்தாள். "உங்களுக்கு இன்னும் நாள் இருக்கு. வாரக்கணக்குல இருக்கு."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல. அவர் உடம்பெல்லாம் உதற ஆரம்பித்தது. இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த நடுக்கமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது. பல்லோடு பல் அடித்துக்கொண்டது. "போ" என்றார் என்னிடம். "எந்திரிச்சுப் போ. என் மூஞ்சியிலயே முழிக்காத."

நாற்காலியை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை இழுக்கவில்லை. இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஏழாம் நம்பரில் தையல்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு இழுத்து, நின்று, நான் பத்து எண்ணிய பிறகு மறுபடி வந்தது. பிறகு பதினைந்து எண்ணினேன். பிறகு இருபது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் என் மூச்சும் நின்றது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, "நான் கூட இருக்கத்தான் வந்திருக்கேன். கொஞ்சம் லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்குங்கய்யா" என்றேன். கேட்டதோ இல்லையோ. முப்பத்தைந்து நிமிடம் இருந்தார். கடைசியில் நாற்பது எண்ணினேன், அறுபது எண்ணினேன், நூறு எண்ணினேன். மணியை அடித்துவிட்டு, நர்ஸ் வந்ததும் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு நாலாம் நம்பர் வாசலைக் கடக்க வேண்டியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. திருடியைப் போலப் பூனை நடை நடந்து வெளியே வந்துவிட்டேன். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை, வீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று கார் சாவியை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு டாக்ஸி வந்து நின்றது. அதிலிருந்து ஓர் அம்மா விழாத குறையாக இறங்கினார். அதே உயரம், அதே அகலத் தோள். ஒரு காலில் கறுப்புச் செருப்பு, இன்னொரு காலில் பழுப்புச் செருப்பு.

"நாலாம் நம்பர் ரூம் எங்கம்மா?" என்று என் கையைப் பிடித்தார். "உசுரோட இருக்காளா?"

"இருக்காங்க" என்றேன். பொய் சொல்லவில்லை. டாக்டர் சொல்ல வேண்டியதையும் சொல்லவில்லை. ஓடத்தான் பார்த்தேன், அதற்கும் வழி இல்லாமல் போய்விட்டது. அவரை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

கண்டக்டர் அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கொடுத்த வெந்நீர் டம்ளர் கையில் இருந்தது. தங்கை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னக்கா இது. தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்க?"

"இன்னிக்கு இல்லியாம்" என்றார் அக்கா டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே. "ரூம் மாறிப் போச்சாம்."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

"தப்பு என்னோடதுதாங்க" என்றேன். "நாற்காலியப் பாத்துட்டு வந்துட்டேன். யாருகிட்டயும் கேக்கல. அவங்க பொய் சொல்லல."

"விளையாட்டா போச்சா உங்களுக்கெல்லாம்? ஒரு மணி நேரம் டாக்ஸியில எப்படி வந்தேன் தெரியுமா? பொணமாத்தான் பாக்கப்போறேன்னு வந்தேன்!" என்னைத் திட்டிக்கொண்டிருந்தவர் பாதியில் அக்கா பக்கம் திரும்பிவிட்டார். "நீ கூப்பிட்டா நான் ஓடி வரணும். அவரு பதினேழு நாளும் கதவையே பாத்துட்டுக் கெடந்தாரு. உங்க அக்கா வருவாங்க, உங்க அக்கா வருவாங்கன்னு. உனக்கு டியூட்டி!"

"டியூட்டி இல்லடி. வந்தேன். ரெண்டு தடவ கேட்டு வரைக்கும் வந்தேன். பயந்துட்டேன்."

நான் சுவரோடு சுவராக நின்றேன்.

"பயமா?" என்றார் தங்கை. "இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. பயமா இருக்குன்னு சொன்னா உன் தலையவா வாங்கிருப்பேன்? எனக்கு மட்டும் பயமா இல்லியா? பதினேழு நாள் நான் ஒருத்தியா அங்க உக்காந்திருந்தேன்க்கா. ஒருத்தியா." சொல்லும்போதே அழுகை உடைந்துவிட்டது. உட்கார இடம் தேடி, "ஒரு நாற்காலி கூடவா இல்ல இந்த ரூம்ல?" என்றார் அழுகையோடு.

"அது வேண்டாம்" என்று நானும் கண்டக்டர் அக்காவும் ஒரே குரலில் கத்தினோம். தங்கை அரண்டு போய்க் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கிருந்து எழுந்திருக்கவில்லை.

ஆனாலும் எனக்கு அன்று சமாதானம் ஆகவில்லை. அடுத்த புதன்கிழமை கார் மெக்கானிக்கிடமிருந்து ஒரு ரப்பர் குமிழ் வாங்கி வந்து, நாற்காலியின் தேய்ந்த காலில் இறுக்கமாக மாட்டினேன். இழுத்துப் பார்த்தேன், சத்தமே இல்லை. பெரிய சாதனை செய்த மாதிரி, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு நாலாம் நம்பர் கதவைத் தட்டினேன். வெறுங்கையோடுதான் போனேன்.

கண்டக்டர் அக்கா முதலில் என் பின்னால் நாற்காலி வருகிறதா என்று பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். "வா பிரேக்கு" என்றார். திட்டுவார் என்று நினைத்திருந்தேன். மடியில் பெரிய புடவை மூட்டை. தங்கை தன் வீட்டிலிருந்து துணிமணியெல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம், பஸ் பிடித்து இனி போய்வருவதாக இல்லையாம்.

ரப்பர் மாட்டியதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"யாரக் கேட்டு மாட்டின?"

"சத்தம் கேட்டா பயமா இருக்குன்னு சொன்னீங்களேக்கா."

"கூறுகெட்டவளே. சத்தம் இருந்தா, சத்தம் வர்றப்ப மட்டும் பயந்தா போதும். சத்தம் இல்லேன்னா நாள் பூரா பயந்துக்கிட்டுக் கெடக்கணுமே. எப்ப வந்து நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினார். "இங்க பாரு. எனக்கு வர்றப்ப இழுத்துட்டு வா. ஒளிச்சுக் கொண்டு வராத. நீதான் கொண்டு வரணும்."

"நானா? ஐயோ, என்னால முடியாதுக்கா."

"தப்பா கொண்டு வந்தவதான் சரியா கொண்டு வரணும். கொண்டு வருவியா மாட்டியா?"

தலையை ஆட்டிவிட்டேன். ரப்பரை அப்போதே உருவப் போனேன், மற்ற அறைகளுக்கு அது இருக்கட்டும் என்று நர்ஸ் தடுத்துவிட்டாள். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. புதன்கிழமை தாழ்வாரத்துக்குள் நுழையும்போதே நாலாம் நம்பர் வாசலைத்தான் முதலில் பார்ப்பேன். காலியாக இருந்தால் உயிர் வரும். வேறு வாசலில் நாற்காலி நின்றால் நல்ல வேளை என்று தோன்றும். தோன்றியதற்காக என்னையே திட்டிக்கொண்டு, அந்த அறைக்குள் போய் உட்காருவேன். உட்காரும் முன் நர்ஸைத் தேடிப் பிடித்து, இந்த அறைதானா என்று கேட்காமல் போனதில்லை. அந்த மாதங்களில் மூன்று பேரோடு உட்கார்ந்தேன். பயம் குறையவில்லை. பழகிவிடும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை. ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு ரவுண்டானாவில் எப்படித் திரும்புவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தலைமை நர்ஸ். "நாலாம் நம்பர்" என்றார், அவ்வளவுதான். என் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி ரவுண்டானாவில் குலுங்கி நின்றது. பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்தார்கள். "நான் என்ன மேடம் தப்புப் பண்ணேன்?" என்று அந்தப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். "நீ ஒண்ணும் பண்ணலம்மா, எறங்கு, நான் ஓட்டுறேன்" என்றேன்.

நாற்காலி நாலாம் நம்பர் வாசலில் நின்றது. இளைய நர்ஸ் அதன் பக்கத்திலேயே காவல் மாதிரி நின்றாள்.

"நாலா?" என்றேன்.

"நாலும்மா."

"நல்லாத் தெரியுமா? யாரும் மாத்தி வைக்கலியே? டாக்டரே சொன்னாரா?"

"டாக்டர் காலையில அவங்ககிட்டயே சொல்லிட்டாரும்மா. அவங்க நம்ப மாட்டேங்குறாங்க. நாற்காலி வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"இன்னொரு தடவ சொல்லு. நாலா?"

"நாலுதாம்மா" என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

குனிந்து, நாற்காலிக் காலிலிருந்து ரப்பர் குமிழை உருவினேன். இறுக்கமாக மாட்டியிருந்ததால் லேசில் வரவில்லை. உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். முதுகைப் பிடித்து இழுத்தேன். கிறீச்சென்று தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. எதிர் அறையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் சட்டென்று நின்றது.

தங்கை கட்டில் மேலேயே, அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் அக்காவின் முகம் பாதியாகிவிட்டிருந்தது. கண் மூடியிருந்தது. நாற்காலி கட்டில் பக்கம் வந்து நின்றதும் உதடு அசைந்தது. நான் குனிந்தேன்.

"எந்த ரூமு?"

"நாலுக்கா."

"சரியா... கேட்டியா?"

"மூணு தடவ கேட்டேன்க்கா. நாலுதான்."

பிறகு கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். "உனக்கு?"

"வயித்தக் கலக்குதுக்கா."

"அப்ப உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன்.